பதினோராவது ஷரத்தில் ஒரு கிளி

போன வாரம் டிரில் மாஸ்டர் மாடிப்படிச் சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனதையும், நாத்தனார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, வாயே திறக்காமல் பரணிலிருந்து பையை இறக்கியதையும் பார்த்தோம். காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'வரும் ஒன்றாம் தேதி முதல் இந்தக் கட்டடத்தில் நாய் உள்ளிட்ட எந்தப் பிராணியும் வைத்திருக்கக் கூடாது. இப்படிக்கு, வீட்டு உரிமையாளர்.'

ஒன்றாம் தேதிக்கு இன்னும் மூன்றே நாள். கட்டடத்தில் இருப்பதோ இரண்டு குடித்தனம். கீழே வீட்டுக்காரரான மாஸ்டர், மேலே டைப்பம்மா, அவள் கணவன், அவன் அக்காவான இந்த நாத்தனார், ஒரு நாய். கீழ் வீட்டில் ஒரு பல்லிகூட மாஸ்டரைக் கேட்காமல் சுவரேறாது. ஆகவே அந்தப் பொது அறிவிப்பு யாருக்கு என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை.

நாயின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாது, வருகிறவர் போகிறவரை எல்லாம் மோந்து பார்க்கும், சாப்பிட்டதும் தூங்கும். பெயர் வைத்தது நாத்தனார்தான். முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். ஒரு மழை நாளில் மூன்றாவது பெட்டிக் கதவோரம் சுருண்டு கிடந்த குட்டி அது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டும் அவரிடமிருந்து அபராதம் இல்லாமல் தப்பிய ஒரே பயணி அதுதான் என்று பழைய சகாக்கள் இன்றும் சொல்வார்கள்.

"நாய் போகணும்னா நானும் போறேன்" என்று நாத்தனார் சொல்லிவிட்டார். எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நேற்று மத்தியானம் மூன்று மணி நேரம் வெளியே போய்விட்டு வந்தார். அதற்கும் விளக்கம் இல்லை.

நம் டைப்பம்மாவுக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. நாத்தனார் வந்து சேர்ந்த இந்தப் பத்து மாதத்தில், 'நான் போறேன்' என்ற இந்த இரண்டு வார்த்தையைக் கேட்க மாட்டோமா என்று அவள் ஏங்கிய நாள்கள் உண்டு. குளியலறை வாளிகளின் கைப்பிடி எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். கடிகாரம் இரண்டு நிமிஷம் முன்னால் ஓடினால் வீடு முழுக்க விசாரணை. சாப்பிடும்போது யாராவது எழுந்து போனால், இறங்கிவிட்டாரா திரும்பி வருவாரா என்கிற பார்வை.

ஆனால் கேட்க ஏங்கிய வார்த்தை காதில் விழுந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விரல் வலியோடு தன் டைப்பிங் கடையிலிருந்து வரும் நாள்களில் மேஜைமேல் வெந்நீர்க் கிண்ணம் ஒன்று தயாராக இருக்கும். வைத்தது யார் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "செருப்பை நேரா விடு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வரும். அந்தக் குரல் இல்லாத வீட்டை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது. தனக்கா இப்படி என்று அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

அதனால் காலையில் கிளம்பும்போது தைரியமாகச் சொன்னாள்:

"அண்ணி, பையை உள்ள வைங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் இருக்கு, பத்து மாசம்தான் ஆகியிருக்கு. டைப் அடிச்சது யாரு? நான். நாய்க்குன்னே தனியா ஒரு ஷரத்து போட்டிருக்கேன்."

நாத்தனார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். "சாயங்காலம் பாப்போம்" என்றார்.

நாலு மணிக்கு மாஸ்டர் மேலே வந்து பேசுவதாக ஏற்பாடு. டைப்பம்மாவின் கணவன் அன்று அரை நாள் லீவு போட்டிருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். தொழில் தோஷமோ என்னவோ, வீட்டில் சண்டை என்று வந்தால் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நடுவில் நின்றுவிடுவான். "அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கு, மாஸ்டர் பக்கமும் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு, நன்றாக அடித்துக்கொண்டிருந்த காலிங் பெல்லைக் கழற்ற ஆரம்பித்தான்.

*

டைப்பம்மாவின் கடை, ஆபீஸ்கள் நிறைந்த ஒரு தெருவில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு மின்விசிறி. பத்தொன்பது வருஷமாக வீட்டு வாடகை ஒப்பந்தமும் விண்ணப்பமும் அடித்துக் கொடுக்கிறாள். அவள் தலைக்கு மேலே, பெரிய எழுத்தில் அவளே அடித்து ஒட்டிய ஒரு வாசகம் உண்டு: 'கையெழுத்துப் போடும் முன் முழுவதும் ஒருமுறை படியுங்கள்.'

கடையைத் திறந்ததும் முதல் காரியமாகத் தங்கள் ஒப்பந்தத்தின் நகலைத் தேடி எடுத்தாள். மூன்றாம் பக்கம். பதினோராவது ஷரத்து.

'வாடகைதாரர் தமக்குச் சொந்தமான கிளி ஒன்றைக் கூண்டில் வைத்துப் பராமரித்துக்கொள்வதில் உரிமையாளருக்கு ஆட்சேபணை இல்லை. மேற்படி கிளி எழுப்பும் சத்தத்துக்கு வாடகைதாரரே பொறுப்பாவார்.'

டைப்பம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். கிளி அங்கேயே இருந்தது.

எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஊரிலுள்ள எல்லா டைப்பிங் கடைகளிலும் ஒரே வழக்கம்தான். புது ஒப்பந்தம் வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை எடுத்து, பெயரை மாற்றி, விலாசத்தை மாற்றி, தேதியை மாற்றுவது. மற்றதைத் தொடுவதில்லை. இவர்கள் குடிவந்த வாரம் ஒரு கடிகாரக் கடைக்காரர் தன் கிளிக்காக வீட்டுக்காரரோடு சண்டை போட்டு ஒரு ஷரத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தார். பிராணி ஷரத்து உள்ள ஒப்பந்தமாயிற்றே என்று டைப்பம்மா அதையே எடுத்துக்கொண்டாள். பெயர், விலாசம், தேதி எல்லாம் ஆயிற்று. கடைசியாகக் கிளியை நாயாக்கலாம் என்று இருந்தபோது, சாமான் ஏற்றிய வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். அன்றைக்குத்தான் குடி போகிற நாள். பிரிண்ட் எடுத்தாள், ஓடினாள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அந்த வாசகத்தை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரே ஒரு நிமிஷம் கெட்ட புத்தி வந்தது. மூன்றாம் பக்கத்தை மட்டும் திருத்தி அடித்து மாற்றிவிட்டால் என்ன? ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மாஸ்டரின் கையெழுத்து, அணிவகுப்பில் நிற்பதுபோல் நெட்டுக்குத்தாக நின்றது. தவிரவும் அசல் ஒன்று அவரிடமும் இருக்கிறது. கெட்ட புத்தி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

பக்கத்து மேஜையில் ஒரு வக்கீல் உட்காருவார். அவரிடம் போய், ஒரு கஸ்டமருக்காகக் கேட்பதாகச் சொல்லி, ஷரத்துகளை வாசித்துக் காட்டி விஷயத்தை விளக்கினாள். வக்கீல் டீ புரையேறச் சிரித்தார். அதை டைப் அடித்த மகராசி யார், எந்தக் கடை என்று கேட்டார். டைப்பம்மா தெரியாது என்றாள்.

சிரித்து முடித்தபின் அவர் சொன்னது இதுதான். ஒப்பந்தக் காலம் முடிகிறவரை வீட்டுக்காரர் ஒருத்தராகத் தன் இஷ்டத்துக்கு விதியை மாற்றிச் சுவரில் ஒட்டிவிட முடியாது. இருபதாம் ஷரத்தே அதைத்தான் சொல்கிறது, இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மாற்றம். நாய் கூடாது என்று அந்தக் காகிதத்தில் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. குடிவந்த நாளிலிருந்து நாய் இருப்பது அவருக்குத் தெரியுமா? தெரியும். இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"ஆனா அந்தக் கிளி கொஞ்சம் இடிக்கும்" என்றார். "நாய்க்கு வாதாடப் போன இடத்துல கிளி வந்து உக்காந்தா, எதிராளி சும்மா விடுவாரா?"

*

மூன்று மணிக்கு டைப்பம்மா வீட்டுக்கு வந்தபோது பை வாசலருகே இருந்தது. அதன் மேல் நாயின் சாப்பாட்டுக் கிண்ணம் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு, காத்திருப்போர் அறையில் உட்கார்ந்திருப்பதுபோல் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பையின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

கிளி விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று டைப்பம்மா மூன்று முறை வாயெடுத்தாள். வாளிக் கைப்பிடிக்கே விசாரணை வைக்கிறவர், இதற்கு என்ன சொல்வார்? பயத்தில் மூன்று முறையும் டீ வேண்டுமா என்றுதான் கேட்டாள். மூன்றாவது முறை நாத்தனாருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சரியாக நாலு மணிக்கு வாசலில் விசில் சத்தம் கேட்டது. காலிங் பெல் மெக்கானிக்கின் மடியில் நாலு துண்டாகக் கிடந்ததால், மாஸ்டர் கழுத்தில் தொங்கிய விசிலை ஊதித்தான் வருகையைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. மேனேஜர் எழுந்து ஓடிப்போய் வாலை ஆட்டி, அவர் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டது. தன்னை வீட்டை விட்டு அனுப்ப வந்தவர் என்ற விவரம் அதற்குத் தெரியாது.

உட்காரச் சொன்னார்கள். மாஸ்டர் உட்காரவில்லை. நின்றபடியே கோப்பைத் திறந்து, மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற குரலில் பதினோராவது ஷரத்தை வாசித்தார். 'மேற்படி கிளி' என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தார்.

மெக்கானிக் திருப்புளியைக் கீழே வைத்தான். "கிளியா? நம்மகிட்டயா?" என்று கேட்டுக்கொண்டே கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான்.

டைப்பம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். இனி மறைத்துப் பயனில்லை.

"அது என் தப்பு மாஸ்டர். பழைய ஒப்பந்தத்துலேருந்து எடுத்தேன், மாத்த மறந்துட்டேன். நாய்னு இருக்கவேண்டிய இடம் அது" என்றாள். நாத்தனார் பக்கம் அவள் திரும்பவே இல்லை. வக்கீல் சொன்ன இரண்டு விஷயத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். இருபதாம் ஷரத்தைக் காட்டினாள்.

மாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை.

"கிளின்னு எழுதினா கிளி மட்டும்னு அர்த்தம். மைதானத்துல கால்பந்து ஆடலாம்னு நான் சொன்னா, ஒருத்தன் கிரிக்கெட் மட்டையோட வருவானா?"

இதற்கு வக்கீல் பதில் சொல்லித் தரவில்லை. டைப்பம்மா ஒப்பந்தத்தை இன்னொரு தரம் புரட்டினாள். மெக்கானிக், கால்பந்து உதாரணத்திலும் நியாயம் இருப்பதாக முணுமுணுத்தான். அவள் பார்த்த பார்வையில் திருப்புளியைத் தேடிக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் நாத்தனார் எழுந்தார். எழுந்த விதத்திலேயே மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. சின்ன வயதிலிருந்து அக்காவோடு ரயிலில் போனவன், டிக்கெட் தேடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

"மாஸ்டர், நாங்க குடி வந்த அன்னைக்கு சாமான் வண்டியிலேருந்து இந்த நாயை இறக்கினது யாரு?"

"நான்தான்" என்றார் மாஸ்டர். "அது பயந்து இறங்க மாட்டேன்னுச்சு. தூக்கி இறக்கினேன்."

"இறக்கிட்டு என்ன சொன்னீங்க?"

மாஸ்டர் சற்று யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "நல்ல நாய்னு சொன்னேன்."

"நான் முப்பத்தொரு வருஷம் ரயில்ல இருந்தவ. வண்டி ஓடிட்டிருக்கும்போதே விதி மாறும். அது புதுசா ஏர்றவங்களுக்கு. ஏறி உக்காந்தவங்களுக்கு, டிக்கெட் எடுத்த அன்னைக்கு என்ன விதியோ அதுதான் இறங்கற ஸ்டேஷன் வரைக்கும். நடுவழியில மாத்த எனக்கும் அதிகாரம் இல்ல, டிரைவருக்கும் இல்ல. எங்க ஸ்டேஷன் வர இன்னும் பதினாலு மாசம் இருக்கு. போட்ட கையெழுத்து போட்டதுதான். நீங்க போட்டாலும் சரி, நான் போட்டாலும் சரி."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மாஸ்டர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். விசிலைக் கையில் வைத்து உருட்டினார். நாய் முடி, நாய் நாற்றம் என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் சும்மா என்று ஒப்புக்கொண்டார். விஷயம் வேறே. தினமும் காலை ஆறு மணிக்கு அவர் முற்றத்தில் உடற்பயிற்சி செய்கிறார், தானே விசில் ஊதிக்கொண்டு. விசில் சத்தம் கேட்டதும் மேனேஜர் இறங்கி வந்து அவருக்குப் பின்னால் நிற்கிறது. அவர் குனிந்தால் அதுவும் முன்காலை நீட்டி, முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கிறது. எதிர் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் காப்பித் தம்ளரோடு பால்கனிக்கு வந்துவிடுகிறார்கள்.

"போன வாரம் ஒருத்தன் கத்தினான்" என்றார் மாஸ்டர். "'மாஸ்டர், அது உங்களைவிட நல்லா குனியுது'ன்னு. எத்தனை ஆயிரம் பிள்ளைங்களைக் குனிய வச்சவன் நான்."

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் மட்டும் காலிங் பெல் மூடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு எதையோ வெகு உன்னிப்பாகச் சோதித்தான்.

நாத்தனாரும் சிரிக்கவில்லை. ஒரு மனிதரின் மரியாதை போவது சின்ன விஷயமில்லை என்று அவருக்குத் தெரியும். "ஆறரை வரைக்கும் நாய் கீழ வராது" என்றார். "கதவுல தாழ்ப்பாள் போட்டு வைக்கறேன். எழுதிக்கலாம், ரெண்டு பக்கமும் கையெழுத்து போடுவோம். அதுதானே முறை?"

மாஸ்டர் தலையாட்டினார். டைப்பம்மா வெள்ளைத்தாள் எடுத்துக் கையாலேயே எழுதினாள். நாய் என்ற இடத்தில் நாய்தான் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்க இரண்டு தடவை வாசித்தாள். கையெழுத்துகள் விழுந்தன. போகிற வழியில் மாஸ்டர் மாடிப்படிச் சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேனேஜர் அவரைக் கீழ்ப்படி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது.

*

ஜெயித்த வீட்டில் சத்தமே இல்லை. நாத்தனார் ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். திட்டு வரப்போகிறது என்று டைப்பம்மா காத்திருந்தாள். வரவில்லை. அவளுக்கே பொறுக்கவில்லை.

"அண்ணி, மாஸ்டர் கிளின்னு படிச்சப்ப நீங்க ஆச்சரியப்படவே இல்லையே."

"தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்கு ஆச்சரியப்படணும்?"

"எப்பத் தெரியும்?"

"சாட்சிக் கையெழுத்து போட்ட அன்னைக்கே. படிக்காம நான் எதுல கையெழுத்து போட்டிருக்கேன்?"

தம்ளர் கவிழ்த்து வைத்த கோணத்தில்கூடக் குற்றம் கண்டுபிடிக்கிற மனுஷி, பத்து மாதமாக ஒரு கிளியை வாய்க்குள் பூட்டி வைத்திருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று டைப்பம்மா கேட்டாள்.

நாத்தனார் ரயில் நேரம் சொல்வதுபோல் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

"ரிட்டயர் ஆகி, ரயில்வே குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துட்டு, ஒரு பையும் ஒரு நாயுமா வந்து நின்னேன். வந்த அன்னைக்கே உன் வேலையில குத்தம் சொன்னா, அப்புறம் எங்க போய் நிப்பேன்? உங்களுக்காவது மாஸ்டர் கையெழுத்து போட்ட காகிதம் இருக்கு. இந்த வீட்டுல நான் இருக்கறதுக்கு எங்கிட்ட என்ன காகிதம் இருக்கு?"

சொல்லிவிட்டு நாயின் வாரை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். போகும்போது வாசலில் கோணலாகக் கிடந்த டைப்பம்மாவின் செருப்பைக் காலால் நேராக்கிவிட்டுப் போனார்.

டைப்பம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. உறவுக்கு எதற்குக் காகிதம் என்று பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பத்து மாதத்தில் ஒரு நாளாவது, 'இது உங்க வீடு அண்ணி' என்று தான் வாய் திறந்து சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே. அதற்கு முன் அந்தப் பையைக் காலி செய்துவிட வேண்டும். திரும்பி வரும்போது துணியெல்லாம் பழையபடி அலமாரியில் இருக்கட்டும்.

கிண்ணத்தை அவிழ்த்துச் சமையலறையில் வைத்தாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நாத்தனார் மடிக்கிற அதே மடிப்பில் அடுக்கினாள். பையின் அடியில் ஒரு பழுப்பு உறை இருந்தது. ஒட்டவில்லை. உள்ளே நாலு பக்கக் காகிதம். அந்த மாதிரிக் காகிதத்தைத் தொட்டதுமே அவள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

வாடகை ஒப்பந்தம். ஊரின் மறுகோடியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் அறை. வேறு ஏதோ கடையில் அடித்தது, ஓரம்கூட ஒழுங்காக விடவில்லை. வாடகைதாரர் என்ற இடத்தில் நாத்தனாரின் பெயர். ஒன்றாம் தேதி முதல் இரண்டு வருஷத்துக்கு. 'வாடகைதாரரின் நாய் ஒன்று' என்று ஒரு ஷரத்து, ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. தேதி, நேற்று.

நேற்று காணாமல் போன மூன்று மணி நேரம் எங்கே போயிற்று என்று டைப்பம்மாவுக்கு இப்போது விளங்கியது. ஜெயித்த பிறகும் நாத்தனார் ஏன் ஜன்னலோரம் போய் நின்றார் என்பதும் விளங்கியது. போட்ட கையெழுத்து போட்டதுதான். நீங்க போட்டாலும் சரி, நான் போட்டாலும் சரி.

கூடத்தில் மெக்கானிக் காலிங் பெல்லை மாட்டி முடித்து, ஒருமுறை அழுத்திப் பார்த்தான். நன்றாகவே அடித்தது. அவள் எழுந்து போகவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கம் முதல் வரியிலிருந்து எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்தாள், இதில் எங்கேயாவது ஒரு கிளி அகப்படாதா என்று.